போன் டாடியும் ஆறு ஆர்ட்டிசோக்கும்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தோம். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் காய்கறிப் பட்டியல்தான். ஒரு காயைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது என்று மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் என் கூட்டாளி ஒரு காயை வைத்துச் செய்த காரியத்தை வேறு யாரும் எழுதப்போவதில்லை. நேரில் புகழ்ந்தால் அவனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். எழுத்தில் என்றால் பயமில்லை, பாதிக்கு மேல் படிக்க மாட்டான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, இறைச்சி கொடுக்கும் கடையில் நான் வண்டி ஓட்டுகிறேன். அவன் கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அவனுக்கு நாலு வயதில் ஒரு மகள்.

இந்தத் தடவை லீவில் வந்து அவன் பெட்டியை இறக்கியதும், பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

“ஏளா, டாடி வந்திருக்காவ பாரு” என்றாள் அவன் மனைவி, எனக்கு மதினி.

“எங்க டாடி போன்ல இருக்காவ” என்றது பிள்ளை.

பொம்மை வாங்கிக் கொடுத்தான். சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, “தேங்க்யூ அங்கிள்” என்றது. நான் விடுவேனா? தெருவில் எங்கே பார்த்தாலும் “ஏலே அங்கிள்!” என்றுதான் கூப்பிட்டேன். அவனும் சிரித்துக்கொண்டே என் முதுகில் குத்துவான். இரண்டரை மாதம் இப்படியே போனது. அடுத்த கப்பலில் சேரச் சொல்லி மெயில் வந்த அன்றும் அப்படிக் கூப்பிட்டேன், அவன் சிரிக்கவில்லை. “இன்னும் பத்து நாளுதாம்ல இருக்கு. இந்தவாட்டியும் அங்கிளாவே போயிருவேம் போல” என்றான். அதன்பிறகு எனக்கும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

அந்த வாரம்தான் ஒரு வெளிநாட்டுக் கப்பல் ஆர்ட்டிசோக் கேட்டிருந்தது, பூ விரியுமுன் மொட்டாகவே பறித்துச் சமைக்கும் சீமைக்காய். கொடைக்கானலிலிருந்து பெட்டி வந்து சேர்வதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. கடை அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

“என்னல இது, சீத்தாப்பழத்துக்குப் பல்லு முளைச்ச மாதிரி இருக்கு? கொண்டு போயிரு. இங்கன வைக்காத.”

ஆறு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அக்காள் மகன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவன் நண்டு வாங்கப் போயிருந்தான். மதினி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

“வாழைப்பூவுக்குச் சொந்தக்காரன் மாதிரியில்லா இருக்கு, தம்பி?”

“அதேதான் மதினி. கொண்டாங்க, நான் உரிக்கேன்.”

வாழைப்பூவை எப்படி உரிப்போம்? மேல்மடலை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் பூவை எடுப்போம். அப்படியே நாலு ஆர்ட்டிசோக்கை உரித்தேன். மடலால் குப்பைக் கூடை நிறைந்தது. நடுவில் பஞ்சு மாதிரி ஒரு முடிக்கற்றை வந்தது. அதையெல்லாம் வழித்தெடுத்து, கறுத்துவிடக் கூடாதே என்று மோரில் போட்டேன். அடியில் கட்டையாக ஒன்று நின்றது, அதுவும் கூடைக்குப் போனது. மதினி வடைக்குக் கடலைப்பருப்பு ஊறப்போட்டாள்.

கூட்டாளி நண்டுப் பையோடு உள்ளே வந்து கூடையையும் பார்த்தான், மோரையும் பார்த்தான்.

“ஏலே பாவி! திங்கதத் தூரப் போட்டுட்டு, தூரப் போடுததுக்கு மோர் ஊத்தி வச்சிருக்கியே! இந்த முடி தொண்டையில சிக்குச்சுன்னா இருமியே செத்துருவ!”

மிச்சம் இரண்டுதான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவன் அடுப்படியில் நின்றதைப் பார்க்க வேண்டும். காம்பை வெட்டினான், தலையைச் சீவினான். ஒவ்வொரு மடலின் முள்நுனியையும் கத்தரிக்கோலால் நறுக்கினான், பிள்ளைக்கு நகம் வெட்டிவிடுகிறவன் மாதிரி. வெட்டிய இடமெல்லாம் எலுமிச்சையைத் தேய்த்தான். உப்புத் தண்ணீரில் எலுமிச்சைத் தோலையும் போட்டு, மூடி வைத்து முக்கால் மணி நேரம் அவித்தான். ஒரு மடலை இழுத்துப் பார்த்தான். மல்லுக்கட்டாமல் கையோடு வந்தால் வெந்துவிட்டது என்று கணக்காம். பக்கத்து அடுப்பில் வெண்ணெயை உருக்கி, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டான். என் வாயை மூடவைத்த சமையல் அது ஒன்றுதான்.

ஒன்றைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, மற்றதைத் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தான். மகளைக் கூப்பிடவில்லை. அக்காள் மகன்களுக்குத்தான் சொல்லிக் கொடுத்தான்.

“மடலப் பிய்யி. வெண்ணெயில முக்கு. பல்லுக்கு நடுவுல வச்சு இழு. சதை வாயில நிக்கும், தோல் கையில நிக்கும்.”

“மாமா, நண்டுக்கால் மாதிரியே இருக்கு!” என்று கத்தினான் பெரியவன்.

அறைவாசல் திரை அசைந்தது. ஒரு கண் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வீடியோ கால், மதினி நம்பரிலிருந்து. மதினியோ என் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவன் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய் எடுத்தான். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

“டாடி, இங்கன ஒரு அங்கிள் பூவ அவிச்சு வச்சிருக்காவ. அண்ணமாரு திங்காவ. அது கசக்குமா?”

“கசக்காது, மக்களே.”

“முள்ளு குத்துமா?”

“குத்தாது. அந்த அங்கிள் முள்ளையெல்லாம் வெட்டி விட்டுட்டாவ.”

அவனே தன்னை அங்கிள் என்றான். கிண்டல் பண்ண இதைவிட நல்ல இடம் எனக்கு இனி கிடைக்காது. ஆனாலும் சும்மா நின்றேன்.

“நீங்க தின்னிருக்கியளா?”

“ம். இங்க பாரு, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு.” போனைச் சட்டிப் பக்கம் திருப்பினான்.

“அது எங்க வீட்டுச் சட்டியில்லா?” என்றது பிள்ளை.

சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பிள்ளை அடுப்படி வாசலில் போனோடு நின்று, போன் திரையில் இருந்த ஆளைப் பார்த்தது. அடுப்புப் பக்கம் நின்ற ஆளைப் பார்த்தது. மறுபடி திரை, மறுபடி ஆள். அவன் அசையவில்லை. இரண்டரை மாதமாகவும் அப்படித்தான். ‘நான்தான் உன் அப்பன்’ என்று ஒருநாளும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. எனக்கென்றால் இரண்டாம் நாளே பொறுமை போயிருக்கும்.

“டாடி, போன வைங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்” என்றது.

சட்டியில் இருந்ததை அப்பன் மடியில் உட்கார்ந்துதான் தின்றது. நண்டு தின்று பழகிய பல், ஒரு மடலிலும் பொட்டுச் சதை விடவில்லை. சப்பின மடலையெல்லாம் அவன் முழங்காலில் அடுக்கியது. கடைசியில் அவன் கரண்டியால் முடியைச் சுரண்டிப் போட்டு, அடியில் இருந்த சதையை நாலாக வெட்டினான். அண்ணன்மாருக்கு ஒவ்வொன்று, டாடிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான் கையை நீட்டினேன்.

“அந்த மாமாவுக்கு வேண்டாம். குப்பையில போட்டுருவாவ.”

அவன் கப்பலேறி இப்போது ஒரு மாதம் ஆகிறது. இதுவரை எழுதியதைப் படமெடுத்து அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். முழுக்கப் படித்திருக்கிறான். ஒரு வரிதான் பதில் வந்தது:

“ஏலே, இப்ப வீடியோ கால் பண்ணுனா, ‘நீங்க டாடி இல்ல, எங்க டாடி வீட்டுல பூ அவிப்பாவ’ன்னு சொல்லுதா.”