கனால் பக்கம் நின்றவன்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அண்ணன் ஒரு கொமியூனிகேஷன் வைத்திருந்தார். முன்னால் வெளிநாட்டுக்குக் கதைக்கிற கண்ணாடிக் கூண்டுகள், பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு வரிசை கொம்பியூட்டர்கள். சமாதானம் என்று சொல்லப்பட்டது முறிந்து மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். கூண்டுக்குள் யாராவது ஒரு தாய் லண்டன் மகனோடு அழுதுகொண்டிருப்பார். பின்னால் பெடியன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். நடுவில் கவுண்டரில் நான் இருப்பேன்.

பெடியன்கள் என்றாலும் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். விளையாட்டு இதுதான்: ஒரு அணி குண்டைக் கொண்டுபோய் இரண்டு இடங்களில் ஒன்றில் வைக்க வேண்டும், மற்ற அணி அதை மறிக்க வேண்டும். செத்தவன் அடுத்த சுற்று வரை சும்மா இருந்து பார்க்க வேண்டும். அந்த இரண்டு இடங்களுக்கும் எங்கள் ஆட்கள் மார்க்கெட், ஸ்டேஷன் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஒடுங்கிய பாதைக்கு எங்கள் ஊர் வாய்க்காலின் பெயர், கனால். வெள்ளவத்தையை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

குண்டு என்ற சொல்லுக்கு மட்டும் கடையில் அண்ணன் தடை போட்டிருந்தார். வாசலால் பொலிஸ் போகிற நேரம் உள்ளேயிருந்து ஒருவன் தமிழில் "குண்டு வைச்சிட்டாங்கள்" என்று கத்தினால் கடை என்ன ஆகும்! ஆகவே குண்டுக்கு, காலையில் சாப்பிடுகிற பாண் என்று பெயரானது. "பாண் மார்க்கெட்டுக்குப் போகுது, மறி, மறி" என்று கத்துவார்கள். கூண்டுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் கதையைத் தொடர்வார்கள்.

எனக்கு விளையாட வராது. என் கைக்கும் மவுஸுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் பார்க்க வரும். வெளிநாட்டில் இதையே தொழிலாக விளையாடும் அணிகளின் ஆட்டங்கள் பதிவாகக் கிடைத்தன. இன்டர்நெட்டிலிருந்து இரவு முழுக்க இறக்க விட்டால் காலையில் ஒன்று வந்திருக்கும். அந்தப் பதிவில் ஒரு வசதி இருந்தது. பத்துப் பேரில் யாருடைய திரையையும் தெரிந்தெடுத்து, அவன் கண்ணால் பார்க்கலாம். நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பாதி திறந்து வைத்துவிட்டு ஆறு பேருமாக இருந்து அதைப் பார்ப்போம்.

ஒருமுறை பார்த்தது ஐரோப்பிய அணி ஒன்றின் ஆட்டம். கடைசியாக மிஞ்சிய ஒருவன் தனியே மூன்று பேரிடம் மாட்டிக்கொண்டு செத்தான்.

"உவனுக்குச் சுடத் தெரியேல்ல," என்றான் எங்கள் அணித் தலைவன். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் இருந்துகொண்டு இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை பார்த்தவன். கெட்டிக்காரன், ஆனால் வாய் முதலில் ஓடும், மூளை பின்னால் வரும்.

"செத்தவனை விடடா," என்றேன். "சண்டை நடக்காத இடத்தில நிண்டவன் என்ன செய்தவன் எண்டு பார்."

ஒவ்வொருவன் கண்ணாகப் போட்டுப் பார்த்தோம். மறு கோடியில் காவல் நின்ற ஒருவன், எதிரி ஒரு புகைக்குண்டை எறிந்த சத்தத்துக்கே அவசரப்பட்டு, தன் வாசலை விட்டுவிட்டு உதவிக்கு ஓடியிருந்தான். அந்த வாசலால்தான் மூன்று பேரும் வந்தார்கள். தோற்றது அங்கே. செத்தது மட்டும்தான் இங்கே. அதற்குப் பிறகு பெடியன்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு அக்கா என்றார்கள்.

அணியில் ஒருவன் மட்டும் வெள்ளவத்தைக்காரன் இல்லை. கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கன், துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். காலைப் பூசை முடிந்த கையோடு இரண்டு பஸ் மாறி வருவான். அவன் தமிழில் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சின் வாசனை இல்லை என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவான். கடைக்குப் பொலிஸோ ஆமியோ செக்கிங் வந்தால் அவனைத்தான் முன்னால் விடுவோம். அந்த நேரத்தில் அவனுடைய சிங்களம் எல்லாருக்கும் இனிக்கும்.

செக்கிங் அடிக்கடி வந்தது. கதிரைகளின் முதுகு வாசல் பக்கம். காதில் ஹெட்போன். வருகிறவர்களின் சத்தம் கேட்காது, திரையில் அவர்களின் நிழல்தான் முதலில் தெரியும். "ஐசி எக்க பென்னன்ன" என்று அடையாள அட்டையைக் கேட்பதற்கு முன்னமே எல்லாருடைய கையும் அது இருக்கிற சேர்ட் பொக்கெட்டில் இருக்கும். எங்களுக்கு அது வெயிலுக்குக் குடை விரிக்கிற மாதிரி, யோசித்துச் செய்கிற வேலை அல்ல.

இப்படியிருக்க, கொழும்பு அணிகள் எல்லாம் சேர்ந்த ஒரு போட்டியில் எங்கள் ஆட்கள் இறுதியாட்டம் வரை போய்விட்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. பெரிய மண்டபம், நீள மேசைகள். எதிரணி முழுக்கச் சிங்களப் பெடியன்கள், நல்ல பிள்ளைகள். கொட்டாஞ்சேனைக்காரனுக்கு அவர்களில் இருவரை முன்பே தெரியும். தோளில் தட்டிச் சிரித்துக் கதைத்தான். தலைவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஆட்டம் சரிசமமாகப் போய் கடைசிச் சுற்றுக்கு வந்தது. எங்கள் அணி மறிக்க வேண்டும். கனால் பக்கம் நின்றவன் கொட்டாஞ்சேனைக்காரன். குண்டு கொண்டுவந்தவன் அவன் முன்னாலேயே குறுக்கே ஓடினான். பெரிய திரையில் மண்டபம் முழுக்கப் பார்த்தது. இவன் சுடவில்லை. பின்னால் வந்த மற்றவன் இவனைச் சுட்டு விழுத்தினான். குண்டு வைத்தார்கள், வெடித்தது, தோற்றோம்.

வாடகை வான் ஒன்றில் திரும்பி வந்தோம். ஒழுங்கை வாசலில் இறங்கிய பிறகு தலைவன் சொன்னான். "வேணுமெண்டு விட்டவன். உவன் காட்டிக்குடுத்திட்டான்."

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் சொல்லமாட்டார்கள். அந்தச் சொல்லால் ஆட்கள் காணாமல் போன காலம் அது. கொட்டாஞ்சேனைக்காரன் வெளிறிப்போய் நின்றான். "சத்தியமா இல்ல மச்சான், எனக்கே தெரியல என்ன நடந்திச்சின்னு," என்றான். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவன் பஸ்ஸுக்கு நடந்தான். எனக்குத் தலைவன்மேல் வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். ஆனால் அந்தப் பெரிய திரையில் பார்த்ததை நானும் பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போட்டி நடத்தியவர்கள் தந்த பதிவைப் போட்டோம். கொட்டாஞ்சேனைக்காரனும் வந்தான். அணியின் டீசேர்ட்டைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, சொப்பிங் பேக்கில் போட்டு மடியில் வைத்திருந்தான். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் விளங்கியது. அந்த அணியை விட்டால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, எங்களை விட்டால் வேறு நெருங்கிய கூட்டாளிகளும் இல்லை. அதைவிட, அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

முதலில் அவன் கண்ணால் பார்த்தோம். பார்க்கவே முடியவில்லை. எதிரி குறுக்கே ஓடுகிறான், குறி அசையவே இல்லை. கல்லு மாதிரி நிற்கிறான்.

"பார்த்தீங்களே அக்கா?" என்றான் தலைவன். "இதுக்கு மேல என்ன பார்க்கக் கிடக்கு?"

"கிடக்கு. மற்ற நாலு பேரையும் போடு."

"நாங்கள் அந்தப் பக்கமே நிக்கேல்ல!"

"அதுக்குத்தான் சொல்லுறன். போடு."

முனகிக்கொண்டு தன்னுடையதைப் போட்டான். அவன் ஸ்டேஷன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். முன்னால் வெறும் சுவர். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றுவிட்டு மறுபடி ஓடினான்.

"இது என்னது?" என்றான் அவனே.

மூன்றாமவன் மூலையைத் திரும்பப் போனவன், பாதித் திருப்பத்தில் நின்றான். நான்காமவனும் நின்றான், ஐந்தாமவனும் நின்றான். எல்லாம் ஒரே கணம். கனால் பக்கம் நின்றவனுக்கு முன்னால் எதிரி வந்தான், மற்றவர்களுக்கு முன்னால் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கிடையில் வேறு வித்தியாசமே இல்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த நேரம்தான் பரிசு கொடுக்க வந்த பிரதம விருந்தினர் மண்டபத்துக்குள் வந்தார். கூடவே துவக்கோடு சீருடைக்காரர்கள். வந்தவர்கள் விளையாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு நடை நடந்து பார்த்தார்கள், அவர்களின் நிழல் திரைகளில் விழுந்திருக்கும். சனத்துக்குள் இருந்த நான் என்ன செய்தேன்? கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடினேன். ஒருவரும் கேட்கவில்லை என்று விளங்கியதும் பையை மூடிவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன். அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

அதைச் சொன்னேன். தலைவனின் கை அவன் சேர்ட் பொக்கெட்டில் போய் நின்றது. அவனுக்கே அது தெரிந்திருக்காது.

"மற்ற அணியையும் பார்ப்பம்," என்றான் கொட்டாஞ்சேனைக்காரன் மெதுவாக.

எதிரணி ஐந்து பேரின் திரையையும் போட்டோம். அந்தச் சீருடைக்காரர்கள் அவர்களுக்குப் பின்னாலும்தான் நடந்தார்கள். ஒருவனும் நிற்கவில்லை. ஓடினவன் ஓடினான், சுட்டவன் சுட்டான். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர்கள்மேல் கோபம் இல்லை. அப்படி ஒருநாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்ற பொறாமைதான்.

தலைவன் எழுந்து போய் அந்த சொப்பிங் பேக்கை எடுத்து, உள்ளே பார்த்து, திரும்பவும் அவன் மடியில் வைத்தான். "மன்னிச்சுக்கொள்ளடாப்பா," என்றான். "அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது." கொட்டாஞ்சேனைக்காரன் தலையை ஆட்டினான். பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு தலைவன் என் பக்கம் திரும்பினான். வழக்கமாக ஒரு பிழை கண்டுபிடித்தால் அடுத்த கேள்வி அதை எப்படித் திருத்துவது என்பதுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிழைக்கெல்லாம் நான் வழி சொல்லியிருக்கிறேன். இவன் இப்படிச் செய்திருக்கலாம், அவன் அங்கே நின்றிருக்கலாம் என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

"இதை என்னண்டு திருத்துறது அக்கா? பழகினா விட்டிடலாம்தானே?"

ஐந்து முகமும் என்னைப் பார்த்தன. நால்வர் எழும்பிக் காலி வீதிக்குப் போக வேண்டும். ஒருவன் இரண்டு பஸ் மாறி, எத்தனையோ செக்பொயின்ற் தாண்டி, கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும்.

"விடாதேயுங்கோ," என்றேன். "இந்தப் பிழையைத் திருத்தினா, ரோட்டில ஒருநாள் உண்மையாச் சுட்டுப்போடுவாங்கள்."

கொட்டாஞ்சேனைக்காரன் டீசேர்ட்டை எடுத்து சேர்ட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டான். போட்ட பிறகு பொக்கெட் மூடிவிட்டதைப் பார்த்து, அடையாள அட்டையை உள்ளேயிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.