கோஸ்டாவின் அழுமூஞ்சிப் பெட்டி

சிகாகோவின் தானியச் சந்தையில் விலைச் செய்தி அனுப்பும் வேலை வெர்னா குபியாக்குடையது. மக்காச்சோளம், சோயா விலை மாறியதும் கட்டடம் முழுக்க இருந்த தரகர்களின் கணினிகளுக்கெல்லாம் ஒரே வீச்சில் தகவல் போக வேண்டும். ஒருவருக்கு முந்தியும் ஒருவருக்குப் பிந்தியும் போனால் அடிதடிதான். செய்திகளுக்கு வரிசை எண் உண்டு. இடையில் ஒன்று விட்டுப்போனால், பெற வேண்டிய கணினி திரும்பக் கேட்கும். வெர்னாவின் இயந்திரம் அதை மறுபடி எல்லாருக்கும் அனுப்பும்.

சோயா விலை துள்ளிய ஒரு ஜூலைக் காலையில் எல்லாத் திரைகளும் தவழ ஆரம்பித்தன. ஒரே ஒரு கணினி ஏறக்குறைய எல்லாச் செய்தியையும் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அழுமூஞ்சி. இந்த அழுமூஞ்சி, அவளோடு தினமும் மதியம் சாப்பிடும் தரகன் கோஸ்டாவுடையது. வெர்னா அதன் இணைப்பைத் துண்டித்தாள். மற்ற திரைகள் ஓடின. கோஸ்டாவும் ஓடி வந்தான்.

"ஏம்மா, என் திரை செத்துப்போச்சு!"

"நான்தான் கொன்னேன்."

"அடிப்பாவி! சோயா ஏறிட்டிருக்கு!"

"உன் ஓட்டைப் பெட்டி அழுததுல எல்லாரும் நின்னுட்டாங்கய்யா. புதுசு வாங்கு."

"இதுக்கென்ன குறைச்சல்?" என்று கத்திவிட்டுப் போனவன், அதன்பின் சாப்பிட வரவில்லை. வெர்னா தனியாகச் சாப்பிட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஏற்பாட்டை மாற்றி எழுதினாள்: செய்தி விட்டுப்போன கணினி இனிமேல் பக்கத்துக் கணினியிடம் கேட்கட்டும்; அங்கேயும் இல்லாவிட்டால்தான் அவளுடையதிடம் வர வேண்டும்.

சோதித்துப் பார்த்துவிட்டுக் கோஸ்டாவிடம் போனாள். அவனுக்குப் பக்கத்து இருக்கை ஹெர்ஷல். ஏதோ ஒரு மக்காச்சோளப் பேரத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"அவன்கிட்ட நான் போய்க் கேக்கணுமா?"

"நீ கேக்க வேணாம். உன் பெட்டி கேக்கும்."

"அவன் பெட்டி குடுக்குமா?"

"அதுக்கு உங்க சண்டை தெரியாது."

வேறு வழியில்லாமல் கோஸ்டா ஒத்துக்கொண்டான். வெர்னா அவன் இணைப்பைத் திரும்பக் கொடுத்தாள். விலைகள் ஒழுங்காக வந்தன. ஆனால் விஷயம் ஹெர்ஷல் காதுக்கு எட்டிவிட்டது. தடுப்புக்கு மேல் தலையை நீட்டினான்.

"என்னப்பா, காலையிலேருந்து எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கியாமே?"

மறுநாளே கோஸ்டா புதுக் கணினி வாங்கினான். அன்று மதியம் வெர்னாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, சாப்பாடு ஆறுகிற வரை ஹெர்ஷலைத் திட்டினான்.