நாற்பத்து மூன்று எடுத்தும் ஃபெயில்

என் அப்பா மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். நானும் அதே பள்ளியில்தான் பிளஸ் டூ வரை படித்தேன். ரிசல்ட் வருகிற அன்று காலையில் பள்ளி மாணவிகள் எல்லோருடைய மதிப்பெண்களையும் கம்ப்யூட்டரில் இறக்கி, பிரிண்ட் எடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது அவருடைய வேலை. அதனால் நான் ஃபெயிலான விஷயம் என் வீட்டிலேயே முதலில் அவருக்குத்தான் தெரிந்தது.

எனக்குச் சற்றுப் பிந்தித் தெரிந்தது. புதூரில் எங்கள் வீட்டு ஹாலில் அம்மாவும் நானும் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கம் திறந்தது. தமிழ் நன்றாக இருந்தது. வேதியியல் நன்றாக இருந்தது. பிசிக்ஸில் மொத்தம் நாற்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று சின்ன வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் அந்த வரிசையின் கடைசியில் ஃபெயில் என்று இருந்ததைப் பார்த்தேன்.

"நாப்பத்து மூணுன்னா பாஸ் தானடி? வெப்சைட்டு தப்பா காட்டுது," என்றாள் அம்மா. அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று மதிய ஷிஃப்ட். எழுந்து, யூனிஃபார்மை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வெப்சைட் தப்பாகக் காட்டவில்லை. அப்பா போனில் நிதானமாகச் சொன்னார். "பாப்பா, பிராக்டிகலுக்கு முழுசா இருபது வந்துருக்கு. இன்டர்னல் பத்து. மிச்சம் தியரிக்கு பதிமூணுதான். தியரில மட்டும் தனியா பதினஞ்சு வேணும். ரெண்டு மார்க் கொறையுது. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்று அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் அது அம்புட்டு மட்டும் இல்லை. எங்கள் பள்ளி பல வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த வருஷமும் அப்படித்தான் வரும் என்று ஃபிளெக்ஸுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அச்சகத்துக்குப் போன் செய்து, அந்த வரியை எடுத்துவிடச் சொன்னது அப்பாவேதான். பள்ளியில் ஃபெயிலானது நான் ஒருத்திதான்.

டி. கல்லுப்பட்டியிலிருந்து அத்தை பேசினாள். அப்பாவுக்கு அக்கா. "தம்பி, பிள்ளைய திட்டாத. ஏதாச்சும் கம்ப்யூட்டர் கோர்ஸ்ல சேத்து விடு. அடுத்த வருஷம் நல்ல எடமா பாத்துக் கட்டி வச்சுரலாம்." அப்பா, "சரிக்கா, பாப்போம்," என்று வைத்துவிட்டார். எதைப் பார்ப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர், "பிளஸ் டூ பாஸான பிள்ளைங்க எல்லாரும் முன்னால வாங்க, ஜெபம் பண்ணுவோம்," என்றார். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். என் வயதுப் பிள்ளைகளில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் சொன்னாள்: "எழுந்து வெளிய ஓடாம இருந்த பாரு, அது போதும் எனக்கு."

திங்கட்கிழமை அப்பா என்னையும் பள்ளிக்குக் கூட்டிப்போனார். ஆபீஸில் தன் மேஜைக்கு எதிரே, பெற்றோர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்களிடம் பேசுகிற அதே குரலில் பேசினார். "மொதல்ல விடைத்தாள் காப்பி வாங்குவோம். அதப் பாத்துட்டு மறுகூட்டல் கேக்கலாமா, மறுமதிப்பீடு கேக்கலாமான்னு முடிவு பண்ணலாம். ரெண்டும் வேணாம்னா உடனடித் தேர்வு இருக்கு. ஜூலைக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிரும். இந்த வருஷமே காலேஜ் போலாம். வருஷம் வீணாகாது."

"நீங்க எம்மேல கோவமா இருக்கீங்களாப்பா?"

"கோவம் இல்ல. வருத்தம் இருக்கு. ஆனா அதுக்கு ஒரு வாரம் போதும். இங்க கையெழுத்துப் போடு."

விடைத்தாள் காப்பி வந்த அன்று என் சிநேகிதியும் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒத்தக்கடைக்காரி. பிசிக்ஸில் எங்கள் வகுப்பிலேயே முதல் மார்க் அவளுக்குத்தான். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பினோம். திருத்தியவர் போட்ட சிவப்பு மை அங்கங்கே இருந்தது. கூட்டிப் பார்த்தோம். பதிமூன்று சரியாகத்தான் இருந்தது. ஒரு மார்க்கூட விடுபடவில்லை.

அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். பக்கம் முழுக்க மூலைக்கு மூலை ஒரு நீலக் கோடு.

"இந்தக் கோடு யாரு போட்டது? திருத்துனவங்களா?"

"இல்லப்பா. நான்தான் அடிச்சேன்."

"எதுக்கு?"

மின் இருமுனை பற்றிய ஐந்து மார்க் கேள்வி அது. எழுதி முடித்த பிறகு, எங்கேயோ தப்பு விட்டுவிட்டோம் என்று ஒரு பயம் வந்தது. அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அதுவும் பாதியில் நின்றுபோனது. அதற்குள் நேரம் ஓடி, பின்னால் இருந்த கேள்விகளைத் தொடக்கூட முடியவில்லை.

சிநேகிதி புத்தகத்தைத் திறந்து வரி வரியாக ஒப்பிட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏய், இது சரிடி."

"எது?"

"நீ அடிச்சது. முழுசும் சரி."

இன்னொரு பக்கத்திலும் அப்படித்தான். மின்மாற்றிக் கேள்வி. படம், விளக்கம், சமன்பாடு எல்லாம் சரி. அதையும் நானே கோடு போட்டு அடித்திருந்தேன். அந்த இரண்டு கோடும் இல்லாமல் இருந்தால் நான் பாஸ். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் எனக்கு பிசிக்ஸ் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிசிக்ஸ் எனக்கு வந்திருக்கிறது. எனக்கு வராமல் போனது என்மேல் நம்பிக்கை.

"அடிச்ச விடைக்கு மார்க் கேக்க முடியாது பாப்பா," என்றார் அப்பா. "மறுமதிப்பீடெல்லாம் வேணாம். பரீட்சை எழுதுவோம்."

அடுத்து வந்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எழுதியதை அடிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும், கடைசியில் திரும்பி வந்து பார்க்க வேண்டும். சட்டம் போட்டது அம்மா. சிநேகிதி கேள்வித்தாள் தயார் செய்து கொண்டுவருவாள். ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு அம்மா எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவாள். என் பேனா கோடு போடுவதுபோலச் சாய்ந்தால் போதும். "கைய எடு!" என்பாள். அடுக்களை வரைக்கும் கேட்கும். முதல் சில நாட்கள் பக்கம் முழுக்கப் புள்ளியாக இருந்தது. போகப் போகப் புள்ளிகள் குறைந்தன. திரும்பி வந்து பார்த்தால் பெரும்பாலும் முதலில் எழுதியதே சரியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகு பிசிக்ஸ் எனக்குப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பரீட்சைக்குத் தேவையில்லாத பாடங்களைக்கூட எடுத்துப் படித்தேன்.

உடனடித் தேர்வுக்கு வேறொரு பள்ளியில் சென்டர். ஹாலில் எனக்கு யாரையும் தெரியாது. ஒளியியல் கணக்கு ஒன்றில் விடை விசித்திரமாக வந்தது. கை தானாகச் சாய்ந்தது. அம்மாவின் குரல் காதில் கேட்டது. புள்ளி வைத்தேன், நகர்ந்தேன். எல்லாக் கேள்வியும் முடித்துத் திரும்பி வந்து பார்த்தேன். விடை சரியாகத்தான் இருந்தது. மணி அடித்தபோது என் தாளில் ஒரு கோடுகூட இல்லை. வாசலில் ஸ்கூட்டர் அருகே நின்றிருந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை நீட்டினார்.

ரிசல்ட் அன்று அவர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். "நான் பாக்கல. நீயே பாத்துச் சொல்லு. லைன்லயே இருக்கேன்."

அம்மாவின் போனில் பார்த்தேன். முதலில் கண் போனது தியரிக் கட்டத்துக்குத்தான். ஒருமுறை படித்துவிட்டு, நம்பாமல் மறுபடி படித்தேன். "அப்பா, தியரி மட்டும் அறுபத்தொண்ணு."

அவர் போனை மூடாமலே யாரிடமோ திரும்பி, "தியரி மட்டும் அறுபத்தொண்ணாம்!" என்று சொல்வது கேட்டது. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆபீஸில் இருந்த டீச்சர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியை போனை வாங்கி, "கெட்டிக்காரி!" என்றார். அம்மா என்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் சோபாவில் விழுந்தோம்.

கல்லூரிகளில் அதற்குள் வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன. சில இடங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. நான் கேட்டது பி.எஸ்ஸி. பிசிக்ஸ். துறைத்தலைவி என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"இதே பேப்பர்ல ஃபெயிலாகி மறுபடி எழுதியிருக்க. இதையேவா கேக்குற?"

அப்பா வாயைத் திறந்தார். "நீங்க இருங்க சார், பொண்ணு சொல்லட்டும்," என்றார் துறைத்தலைவி.

"ஃபெயிலானதுனாலதான் மேம் இத இம்புட்டு ஆழமா படிச்சேன். பாஸாகியிருந்தா இந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, "நாளைக்கே கிளாஸுக்கு வந்துரு. லேப் கோட் வாங்கிக்க," என்றார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம். பஸ்ஸில் யாரிடமும் பேசாத மனிதர் அப்பா. அன்று கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கு முன்னால், "எம்மக. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சேந்துருக்கா," என்றார்.

"சந்தோசம்ணே. பொம்பளப் பிள்ளைக்கு டிக்கெட் ஃப்ரீ. உங்களுக்கு மட்டும் எங்க?"

எந்த நிறுத்தம் என்று அப்பாவுக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "புதூர்ணே!" என்றேன்.