தீவுப் பாதையில் குலம் அண்ணையைத் தேடிய மாலை

1. மஞ்சள் பெயின்ட்

முதல் நாள் காலை ரூடி என் கையில் ஒரு டின் மஞ்சள் பெயின்ட், ஒரு தூரிகை, கொப்பு வெட்டும் கத்திரி ஆகியவற்றைத் தந்தார். ரூடி எங்கள் குழுவின் செஃப், அதாவது தலைவர். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. அவர் பேர்ன் ஜெர்மனில் சொன்னவற்றை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நடக்க வாற சனம் மாப்பை விரிச்சுப் பாக்காது. மஞ்சளைத்தான் பாக்கும். நீ பிழையாப் பூசினால் அதுகள் வேற ஊரிலை போய் நிக்குங்கள்" என்றார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு, ஏரிக்கரைக் கிராமமொன்றின் கமைண்டவில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், வாண்டர்வெக் வேலை கிடைத்தது. வாண்டர்வெக் என்பது மக்கள் நடந்து போவதற்கென்றே அமைத்த பாதை. திசைகாட்டிப் பலகைகளை நிறுத்துவது, மரங்களில் மஞ்சள் அடையாளம் பூசுவது, விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவது, சேற்றில் மரச்சீவல் கொட்டுவது, ஆபத்தான இடத்தை மூடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு.

குழுவில் மூன்று பேர். மூன்றாமவர் குலம் அண்ணை. வாழைச்சேனைப் பக்கத்தவர், என்னைவிட மூத்தவர். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். நான் பலகையை நிறுத்தினால் நீர்மட்டக் குழாயை வைத்துச் சரிபார்க்காமல் நகரமாட்டேன். அவர் பக்கத்தில் நின்று, "தம்பி, பிறக்கேக்கையே இதைக் கையிலை பிடிச்சுக்கொண்டு பிறந்தனியோ?" என்பார். ஆனால் என் பலகை சரியும்வரை காத்திருந்து சிரிக்க அவரால் ஒருநாளும் முடிந்ததில்லை.

2. தண்ணீருக்குள் கிடந்த மேடு

எங்கள் பாதைகளில் விசித்திரமானது தீவுப் பாதை. பீல் ஏரிக்குள் ஒரு பழைய தீவு. மரங்கள் அடர்ந்த குன்று, அதன் அடியில் முன்பு மடமாக இருந்த கட்டடம். கரையிலிருந்து தீவு வரை நீளமான ஒடுங்கிய நிலத்துண்டு போகிறது. ஒரு காலத்தில் அது தண்ணீருக்குள் கிடந்த மேடு. ஏரியின் மட்டத்தை இறக்கியபோது வெளியே வந்தது. அதன் முதுகில்தான் நடைபாதை. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். நாணலுக்கு அப்பால் ஏரி.

கோடையில் குழந்தைகளோடு குடும்பங்கள் போகும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்திய மாதங்களில் எவரும் இல்லை. மழை விடாமல் பெய்தால் ஏரி ஏறி, பாதையின் பள்ளமான பகுதி மறைந்துவிடும். கடல் அலைபோல் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. நாணல் வேர்களுக்கிடையால் கசிந்து, சருகுகளைச் சருகுகளாகவே தூக்கிக்கொண்டு வரும். திரும்பிப் பார்க்கும்போது பாதை இருந்த இடத்தில் அசையாத தண்ணீர் இருக்கும். எங்கள் மஞ்சள் பலகை அந்தத் தண்ணீருக்குள் போகும்படி கைகாட்டிக்கொண்டு நிற்கும்.

மெல்லிய பனிப்புகார், அதாவது மூடுபனி, இறங்கும் நாட்களில் ஒலியும் இடம் மாறிவிடும். எதிர்க்கரைத் திராட்சைத் தோட்ட ஊரின் கோயில் மணி காலடியில் அடிப்பதுபோல் கேட்கும். பக்கத்தில் நிற்பவரின் இருமல் தூரத்திலிருந்து வரும். ரூடி இதை வழக்கமாக எடுத்துக்கொள்வார். எனக்குப் பழகப் பல மாதங்கள் பிடித்தன.

3. பாதையை மூடிய நாள்

அந்த நவம்பரில் ஒரு வாரமாக மழை. ஏரி ஏறிக்கொண்டிருப்பதால் தீவுப் பாதையை இரு முனையிலும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. சிவப்பு வெள்ளைத் தடுப்பு ஒன்றைக் கரை முனையிலும் மற்றதைத் தீவு முனையிலும் வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை நின்று வெளிச்சமாக இருந்தது. பள்ளத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். தீவு முனைத் தடுப்பைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு குலம் அண்ணை புறப்பட்டார். கரையில் மரப்பாலம் ஒன்றின் பலகைகள் மிதக்கத் தொடங்கியிருந்தன. அவற்றைக் கழற்றி எங்கள் வான் வண்டியில் ஏற்ற ரூடிக்கும் எனக்கும் பிற்பகல் முழுவதும் வேண்டியிருந்தது.

மழை விட்டதும் காற்று அடங்கியது. காற்று அடங்கியதும் புகார் இறங்கியது. முதலில் தீவின் குன்று மறைந்தது. பிறகு நாணல். கடைசிப் பலகையை ஏற்றியபோது வானின் பின்கதவிலிருந்து முன்விளக்கு தெரியவில்லை.

குலம் அண்ணை வந்திருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. ரூடி பாதைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. நாட்டெல் என்று அங்கே அந்தக் காலத்தில் சொன்ன கைத்தொலைபேசி ரூடியிடம் இருந்தது. தீவின் மடக் கட்டடத்துக் காவலாளிக்கு அழைத்தார். தடுப்பு வைத்தாயிற்று, ஆள் அப்போதே திரும்பிவிட்டார் என்று பதில் வந்தது. ரூடி தீயணைப்புப் படைக்கும் அழைத்தார். படகைக் கொண்டுவந்து இறக்க நேரமாகும் என்றார்கள்.

"நவம்பர்த் தண்ணி. இடுப்பளவுக்கு நிண்டாலும் கனநேரம் தாங்காது" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என்னிடம் தந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது.

4. ஒரு தரம் கூப்பிட்டு, காது கொடுப்பது

புகாருக்குள் ஆளைத் தேட ரூடியிடம் ஒரு முறை இருந்தது. பெயரை ஒரே ஒரு தரம் கூப்பிட வேண்டும். பிறகு மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்க வேண்டும். விடாமல் கத்தினால் பதில் எங்கள் சத்தத்திலேயே அமுங்கிவிடும். பதில் இல்லையென்றால் சிறிது தூரம் நகர்ந்து, அங்கிருந்து ஒரு தரம். சரியான முறைதான். மலைகளில் அப்படித்தான் தேடுகிறார்கள்.

ரூடி கூப்பிட்டார். "குலம்!" நின்றோம். ஒரு நீர்க்கோழி எங்கோ அடைத்த குரலில் கத்தியது. நகர்ந்தோம். நான் கூப்பிட்டேன். "குலம் அண்ணை!" என் குரல் இடப்பக்க நாணலில் பட்டு, வேறொருவன் சொன்னதுபோல் திரும்பி வந்தது. நகர்ந்தோம். தண்ணீர் தொடையைத் தொட்டது. பாதையோரம் நட்ட மஞ்சள் தலைக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் புகாரிலிருந்து வெளிவந்து, எங்களைக் கடந்து மறைந்தன. ரூடி கூப்பிட்டார். நான் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை.

பள்ளத்தின் நடுப்பகுதியைத் தாண்டியபோது கைவண்டி தட்டுப்பட்டது. தண்ணீருக்குள் கைப்பிடி மட்டும் தெரிந்தது. ரூடி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கழற்றல் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஞாபகம் வந்தது. பொழுதுபட்ட பிறகு அது அடித்தால் குலம் அண்ணை மூன்றாவது மணிக்கு முன் எடுக்கமாட்டார். கதவைத் தட்டினாலும் அப்படியே. நான் அறைக்கு வெளியிலிருந்து ஒரு தரம் கூப்பிட்டால் விளக்கு எரியும், ஆள் இருப்பார், பதில் வராது. வீட்டிலிருந்த மற்ற பொடியள் இதை வைத்து அவரைப் பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிக்காமல், பேய் என்ற பெயரையும் வாயில் எடுக்காமல் சொல்லுவார்: தெரிந்தவர்களின் குரலில் அதுவும் கூப்பிடும். ஆனால் ஓரிடத்தில் நின்று மூன்று தரம் கூப்பிட அதால் முடியாது. பதில் சொன்னவன் அதோடு போகவேண்டியதுதான்.

நாங்கள் இருவரும் பொழுதுபடும் நேரத்தில், இங்கிருந்து ஒரு தரம், அங்கிருந்து ஒரு தரம், அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

ரூடிக்கு விளக்க நேரமில்லை. நான் கயிற்றை இழுத்து அவரை நிறுத்தினேன். நின்ற இடத்தில் நின்று, மூச்சு விடாமல் கூப்பிட்டேன்.

"குலம் அண்ணை! குலம் அண்ணை! குலம் அண்ணை!"

"ஓம்."

கத்தலாக வரவில்லை. அறைக்குள் இருந்து சொல்வதுபோல் தாழ்ந்த குரல். எங்களுக்குப் பின்னால், நாங்கள் சற்று முன் கடந்து வந்த இடத்திலிருந்து வந்தது. ரூடி கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பினார்.

பாதையிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில், தனித்து நின்ற பழைய கம்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி குலம் அண்ணை நின்றிருந்தார். கைகள் விறைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ரூடி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்.

5. ஆசுப்பத்திரியில்

உடம்புச் சூடு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அடுத்த நாள் ரூடியும் நானும் போனோம். கட்டிலில் தேத்தண்ணிக் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் கோபத்தோடுதான் கேட்டேன்.

"உங்களைத் தொட்டுக்கொண்டு போகாத குறையாப் போனம். ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ரை குரல் தெரியாதோ?"

"உன்ரை குரலிலைதான் தம்பி முதல் கூப்பிட்டது."

திரும்பி வரும்போது பள்ளத்தில் தண்ணீர் ஏறியிருக்க, கைவண்டியை விட்டுவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் நடந்திருக்கிறார். புகாரில் அடுத்த கம்பம் தெரியாமல் நின்றபோது, வலப்பக்கமாக நான் ஒரு தரம் கூப்பிட்டேனாம். அண்ணை, இஞ்சாலை வாங்கோ என்று. யோசிக்காமல் அந்தப் பக்கம் காலை வைத்திருக்கிறார். நிலம் சரிந்திருக்கிறது. கையெட்டின கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறார். அவை வரவில்லை. வெகுநேரம் கழித்து, வேறு வேறு பக்கங்களிலிருந்து ஒற்றை ஒற்றையாக எங்கள் குரல்கள் வரத் தொடங்கின. கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

இதை ரூடிக்கு ஜெர்மனில் சொன்னேன். அவர் எந்தக் கம்பம், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். அந்த ஓரிடத்தில் மட்டும் அந்தப் பக்கம் நாணல் இல்லை. ஏரியின் அடி அங்கே திடீரென்று இறங்குகிறது. ரூடி சிரிக்கவில்லை.

குலம் அண்ணை அந்தக் குரலைக் கேட்டதாகச் சொல்லும் பொழுதில் நான் வானுக்குப் பின்னால் பலகை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரூடியோடு இரண்டொரு வார்த்தை பேசினேன். அந்தப் பெயரைச் சொல்லவில்லை. புகாரில் ஒலி எங்கெங்கோ போகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். இதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது, ஆகவே எழுதவும் இல்லை.

6. இளையவர்களுக்கு

இப்போது என் குழுவில் எரித்திரியப் பொடியன் ஒருவன், கொசோவோவிலிருந்து ஒருவர், இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்தால், கத்திரியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: நீ எங்கேயாவது அகப்பட்டு நின்றால், எப்படிக் கூப்பிட்டால் பதில் சொல்லுவாய்? முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஏதோவொன்றைச் சொல்லுவார்கள். தேடுகிறவரின் முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தேடப்படுகிறவருக்கு அது விளங்காவிட்டால் பலனில்லை. நான் இந்த வேலையில் படித்தது இதுதான்.

அந்த மாலைக்குப் பிறகு, வசந்தம் வந்தும் குலம் அண்ணை தீவுப் பாதைக்கு வர மறுத்தார். ரூடி அவரைக் காட்டுப் பாதைகளுக்கு அனுப்பினார். அதனால் அடுத்த நவம்பரில் முதல் புகார் இறங்கிய நாளிலும் அங்கே நானும் ரூடியும் மட்டும்தான். ரூடி முன்னால் போயிருந்தார். எனக்கு நீளமான திருகாணி தேவைப்பட்டது. "ரூடி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. காது கொடுத்தேன். நாணல்கூட அசையவில்லை. நடையை எட்டிப் போட்டேன்.

பாதையின் நடுவில், கையெட்டும் தூரத்தில், ஒரு கம்பத்தைப் பிடித்தபடி ரூடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பகிடிக்கு நின்ற முகமாக அது இருக்கவில்லை.

"மிச்சம் ரெண்டும்?" என்றார்.

நான் அவர் முகத்துக்கு நேரே நின்று, மிச்ச இரண்டு தரமும் அவர் பெயரைக் கூப்பிட்டேன். அதன் பிறகுதான் அவர் கம்பத்தை விட்டார்.