சேவல் திருடனிடம் தனியாகப் போகச் சொன்னவர்

என் சேவலைத் தின்றவன் பாண்டியன். திட்டு வாங்கியவன் நான். இத்தனை வருடம் ஆகியும் இது எனக்கு ஆறவில்லை.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கொடுக்க வளர்த்த சேவல் அது. பண்டிகைக்கு முந்தின நாள் பாண்டியன் வீட்டில் குழம்பாகிவிட்டது. இறகு என் பங்க்சர் கடை வாசல்வரை பறந்து வந்தது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபை மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். எழுந்து போன பாண்டியன் அதன் பிறகு சபைப் பக்கமே வரவில்லை. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை, மாணிக்கவேல் அண்ணனைத் தவிர.

அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். எங்கள் சபை மூப்பர். எதையும் முறைப்படிதான் செய்வார். டீயைக்கூட ஆற்றி, ஜெபம் பண்ணி, அப்புறம்தான் குடிப்பார். அதற்குள் அது மோர் மாதிரி ஆகியிருக்கும்.

"ஆண்டவர் என்னாபா சொன்னாரு? ஒருத்தன் தப்பு பண்ணா முதல்ல தனியா போய்ச் சொல்லு. கேக்கலன்னா ரெண்டு பேர இட்டுக்கினு போ. அதுக்கப்புறம்தான் சபை. நீ கடைசியில இருந்து ஆரம்பிச்சிட்ட."

"தின்னது அவன், அண்ணே."

"தின்னது செரிச்சிருக்கும். ஒரு சேவலுக்காக ஒரு ஆள தொலைச்சிட்டு உக்காந்துக்கினு இருக்கறோம். போய் முதல்ல இருந்து ஆரம்பி."

அவரே என்னைப் பாண்டியன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் தனியாகப் பேச வேண்டுமே, அதற்காக எதிர்வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பாண்டியன் தறியில் இருந்தான். மெதுவாக, "நீ பண்ணது தப்புப்பா" என்றேன்.

"என்னா?"

"தப்பு."

"தறிச் சத்தத்துல கேக்கல. கத்திச் சொல்லு."

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஏன்டா என் சேவல தின்ன?"

ஓடிக்கொண்டிருந்தது அவன் தறி ஒன்றுதான். வேடிக்கை பார்க்கத் தெருவே தறியை நிறுத்திவிட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு ஜன்னல் தலை. மைக்கில் சொன்னபோது சபைக்கு மட்டும்தான் கேட்டது.

எதிர்வீட்டு அம்சவேணி, "சேவலுக்கா இம்மாம் சத்தம்? மாடு காணாமப் போச்சோன்னு நெனச்சேன். டிரம் பின்னாடி யாருப்பா, போலீசா?" என்றாள்.

பாண்டியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதான்.

"அன்னிக்கி மாமனாரு வந்துட்டாருபா. வீட்டுல ஒண்ணும் இல்ல. உன்னைக் கேட்டா குடுக்கமாட்ட."

"மாட்டேன்தான்" என்றேன்.

அண்ணன் வெளியே வந்து, அவன் தோளில் கை போட்டு, "ஞாயித்துக்கிழமை வா" என்றார். வந்தான். அவனைத் தன் ஒரு பக்கமும் என்னை மறுபக்கமும் உட்கார வைத்தார். பாட்டுப் புத்தகத்தை நாங்கள் அண்ணன் மடி வழியாகத்தான் கைமாற்றிக்கொள்வோம். நேராகக் கொடுக்க எனக்கு மனசு வராது.

போன தை மாதம் அண்ணன் படுக்கையில் விழுந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"என் சவப்பெட்டிய முன்னாடி நீயும் பாண்டியனும் தூக்குங்கபா. அவன் நெட்டை, நீ குட்டை. துண்ட நல்லா மடிச்சி தோள்ல வெச்சிக்கோ. நான் சாஞ்சிக்கினு போகக்கூடாது."