பவுலின் கைக்கு மட்டும் தெரிந்தது

குறைமாதத்தில் பிறந்து, பிழைக்காது என்று கைவிடப்பட்ட பிள்ளை பவுல். பிழைத்தான். பள்ளிக்கே போகாதவன் சங்கு குளிக்கப் போய், திரேஸ்புரத்தில் நல்ல பேர் வாங்கினான். கடலடியில், படகிலிருந்து காற்று வரும் குழாய் கிழிந்தபோதும் மேலே வந்தான். திருவிழாப் படகுப் போட்டியில் இரண்டு தடவை முதலில் வந்தான். கையெழுத்து மட்டும் வரவில்லை. தன் கல்யாணத்தில் மாமனார் வீட்டார் சிரிக்க, பெருவிரல் மையோடு நின்றவன் அவன். மகள் ஜெனிஸ்டாவின் கல்யாணத்திலாவது பெயரை எழுதிவிட வேண்டும் என்று கிடந்தான். பவுலின் அக்காள் பிளாரன்ஸுக்கும் அதே வைராக்கியம்.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் கடலில் காற்றுத் திசை மாறியது. படகிலிருந்தவர்கள் கவனிக்கவில்லை. என்ஜின் புகை காற்றடிக்கும் இயந்திரத்துக்குள் போய், குழாய் வழியே கடலடியிலிருந்த பவுலிடம் இறங்கியது. மயங்கியவனைப் படகில் இழுத்துப் போட்டார்கள்.

உயிர் வந்தது. பழைய நினைவெல்லாம் அப்படியே இருந்தது. புதிதாக ஒன்றும் தங்கவில்லை.

"கேட்டது முதல்ல மனசோட வாசல்ல நிக்கும். அங்க இடம் கொஞ்சம். சொல்லிக்கிட்டே இருந்தா நிக்கும், கவனம் திரும்பினா போயிரும். உள்ளே கொண்டுபோய் வைக்கிற இடம் இவருக்குப் பழுது" என்றார் டாக்டர். "ஆனா கைப்பழக்கம் வேற இடத்துல சேரும். பழக்கிப் பாருங்க."

பிளாரன்ஸ் தினமும் அவன் முன்னால் எழுத்துப் பலகையை வைத்தாள்.

"ஏலே பவுலு, பேரை எழுது."

"என்னக்கா கேலியா? நான் பள்ளிக்கூடமே போனதில்லல்லா."

தினமும் அதே பதில், அதே சிரிப்பு, அதே தலைச்சாய்ப்பு. அவள் கைபிடித்துப் பழக்கிய எழுத்து மட்டும் நாளுக்கு நாள் நேரானது.

ஒருநாள் பலகையைப் பார்த்து அவன் முகம் வெளிறியது. இடக்கையால் வலது மணிக்கட்டை இறுக்கினான்.

"யக்கா, இது என் கை இல்ல. உள்ள எவனோ இருந்து எழுதுதான்."

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அந்தப் பக்கம் திரும்பியவன், மறுபடி அக்காளைப் பார்த்தான்.

"ஏங்க்கா அழுத? என்ன ஆச்சு?"

கல்யாணத்தன்று கோயிலில் சாட்சிக் கையெழுத்துக்குப் பவுலைக் கூப்பிட்டார்கள்.

"மை டப்பா எடுங்க" என்றான் அவன்.

"மருமவன் கப்பல்ல ஆபீசரு, மாமனாருக்குப் பெருவிரலா?" என்று சம்பந்தி வீட்டில் ஒருவர் சிரித்தார்.

பிளாரன்ஸ் பேனாவை அவன் விரல்களுக்குள் வைத்தாள். "எழுதுலே."

"தெரியாதுக்கா..." மணக்கோலத்தில் நின்ற மகளையே பார்த்தபடி அவன் சொல்லிக்கொண்டிருக்க, கீழே கை தானாக நகர்ந்தது. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

குனிந்து பார்த்தான். "யாரு எழுதுனது?"

"நீதாம்லே" என்றாள் பிளாரன்ஸ்.

அவன் நம்பவில்லை. பவுல் முதன்முதலாகப் பதிவேட்டில் கையெழுத்திட்ட நாள்: 2024 மே 20, திங்கட்கிழமை.