சாப்பிட்டாச்சு என்கிறவர்

பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் சந்திக்கும் சீனப் பெரியவர் தினமும் "மக்கான் ஆல்ரெடி?" என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பதிலுக்கு நிற்க மாட்டார். கதவு திறந்ததும் போய்விடுவார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. கும்பகோணத்தில் அப்படிக் கேட்டுவிட்டு நகர முடியாது; இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் இலை போட்டாக வேண்டும். அவருக்கு எதற்குச் சிரமம் என்று, பசித்தாலும் "ஆச்சு" என்போம். என் கணவர் அந்த மரியாதையில் ஊறியவர்.

சர்க்கரை நோய் அவருடைய இரைப்பை நரம்புகளைக் கெடுத்துவிட்டது. காலையில் தின்ற இட்லி மாலைவரை அசையாமல் கிடந்து வாந்தியாக வரும். மருந்துக்குக் கேட்காததால், போன வருடம் வயிற்றுத் தோலுக்கடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்றைப் பதித்தார்கள். அதன் கம்பிகள் இரைப்பைக்கு விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுக்கும். குமட்டல் அடங்க வேண்டும். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் துடிப்பைக் கூட்டுவார்கள். நான் தேக்காவில் புடவைக் கடையில் நிற்பவள், ஆஸ்பத்திரிப் பரிசோதனைகளுக்கு அவர் தனியாகவே போய்வந்தார். வீட்டில் வாந்தி நிற்கவில்லை. உதவாக்கரைக் கருவி என்று அதைத் திட்டித் தீர்த்தேன்.

எடை இன்னும் இறங்கினால் குடலுக்குக் குழாய் வழியாகத்தான் உணவு என்று டாக்டர் சொன்னபோது, பயந்துபோய் லீவு போட்டுக்கொண்டு நானும் போனேன். தாதி சிரித்தபடி, "அங்கிள், கேன் ஈட் ஆர் நாட்?" என்றார்.

"ஈட்டன், சிஸ்டர். ஓகே லா."

ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வந்த கோபம்! "சாப்பிடலன்னு சொல்லுங்க! அவங்க என்ன நமக்குச் சமைச்சா போடப் போறாங்க?"

"அவ்வளவு அக்கறையா கேக்குறாங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

நான் முறைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நோ ஈட், சிஸ்டர். எவ்ரிடே வாமிட்" என்றார். யாரிடமோ சோறு கேட்டு நிற்பவரைப்போல இருந்தது அவர் முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்றின்மேல் ரிமோட் போன்ற ஒன்றை வைத்து, உள்ளிருந்த கருவியின் துடிப்பைக் கூட்டினார்கள். இதற்காவது நோய் கேட்குமா, காலம் கடந்துவிட்டதா என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஊரிலிருந்து மாமியார் அழைத்தார். மகனுக்கு ஆபரேஷன் நடந்ததே அவருக்குத் தெரியாது. போனில் முதல் கேள்வி எனக்கும் கேட்டது: "சாப்பிட்டியாப்பா?"

ஒரு கையில் போன். இன்னொரு கை சட்டைக்குமேல் அந்தக் கருவியை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஆச்சும்மா," என்றார். "வயிறு முட்ட."